நம்பாதவர் கண்டதும் சொன்னதும்: விவிலியத்தில் வரும் வெளியார் சாட்சிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி மறைமாவட்டத்தைச் சேர்ந்த, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இளைஞர்களுக்கு மறைக்கல்வி கற்பித்து வருகிறேன். எலத்தகிரி, கோவிலூர் போலக் கிறித்தவர்கள் நிறைந்து வாழும் ஊர்கள் நம் இரு மாவட்டங்களிலும் சிலவே. மற்ற இடங்களில் நம் பிள்ளைகள் படிப்பதும், வேலை செய்வதும், சில வீடுகளில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் நம்பிக்கை வேறான மக்களோடுதான். அதனால் ஒவ்வொரு தவக்காலத்திலும், பாடுகளின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கியதும், வகுப்பில் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது: நம்பியவர்கள் எழுதியதை நம்பியவர்களே ஆதாரமாகக் காட்டினால் அது எப்படிச் சாட்சியாகும்? இயேசுவை நம்பாமல், நேரில் மட்டும் பார்த்த யாராவது ஏதாவது சொல்லியிருக்கிறார்களா? கேள்வி நேர்மையானது. அதற்குத் தரப்படும் பதில்கள் எல்லாம் அதே அளவுக்கு நேர்மையானவை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இத்தனை ஆண்டுகளில் என்னிடம் கேட்கப்பட்டவற்றையும் நான் சொல்லிவந்தவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். நான் நம்புகிறவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

நம்பாதவரின் சாட்சி என்று யாருடைய சாட்சியைச் சொல்கிறோம்?

ஒரு நிகழ்ச்சியைக் கண்ட நேரத்தில் இயேசுவின் சீடராக இல்லாதவருடைய சாட்சியைச் சொல்கிறோம். அவர் பின்னாளில் மனம் மாறினாரா என்பது வேறு கேள்வி. உரோமை ஆளுநர் பிலாத்து, அவனுடைய படைவீரர்கள், தலைமைக் குருக்கள், நலம் பெற்றவர்களின் அண்டை வீட்டார், இயேசுவின் சொந்தச் சகோதரர்கள் ஆகியோர் இதில் அடங்குவர்.

ஒரு சொற்குழப்பத்தை இங்கேயே நீக்கிவிடுகிறேன். வழக்குச் செய்திகளில் நாம் படிக்கும் ‘பிறழ் சாட்சி’ இவர்கள் அல்லர். ஒரு தரப்பு தனக்காக அழைத்துவந்த சாட்சி, கூண்டில் ஏறியதும் முன்பு சொன்னதை மறுத்துவிட்டால் அவரே பிறழ் சாட்சி. நற்செய்தியில் அந்தப் பெயர் பொருந்தக்கூடியவர், தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் அந்த ஆளையே தெரியாது என்று மும்முறை மறுதலித்த பேதுருதான். நம் கேள்வி எதிர்த்தரப்பாரையும், எந்தத் தரப்பையும் சாராமல் அருகில் நின்றவர்களையும் பற்றியது.

எதிர்த்தரப்பார் சொல்வதற்கு ஏன் கூடுதல் எடை தருகிறோம்?

போச்சம்பள்ளிச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விற்பவர் தம் மாட்டின் பல்லையும் சுழியையும் புகழ்வதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விலையைக் குறைப்பதற்காகக் குறை தேடிக்கொண்டிருக்கும் வாங்குபவர், ‘பல் சரியாகத்தான் இருக்கிறது, நடைதான் பிடிக்கவில்லை’ என்று சொல்லிவிட்டால், பல்லைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. தமக்கு நட்டம் தரக்கூடிய ஒன்றை ஒருவர் வலியச் சொல்ல மாட்டார் என்பதே காரணம்.

சிலுவையின் அருகில் தலைமைக் குருக்கள் ஏளனமாகப் பேசியதாக மாற்கு எழுதும் சொற்களை (15:31) இந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள். பிறரை விடுவித்தவனுக்குத் தன்னை விடுவிக்க இயலவில்லை என்கிறார்கள். ஏளனம் பின்பாதியில் இருக்கிறது, முன்பாதி ஒப்புதல். எருசலேமிலிருந்து வந்த மறைநூல் அறிஞர்கள், இயேசு பேய்களின் தலைவனாகிய பெயல்செபூலைக் கொண்டே பேய்களை ஓட்டுகிறார் என்றதும் (3:22) இப்படிப்பட்டதே. பேய்கள் ஓடியதாக மக்கள் கண்டதில் அவர்களுக்குத் தகராறு இல்லை. எந்த வல்லமையால் என்பதில்தான் தகராறு. லாசரை உயிர்ப்பித்த செய்தி கேட்டுக் கூடிய தலைமைச் சங்கத்தாரும், இந்த ஆள் பல அரும் அடையாளங்களைச் செய்துவருகிறானே, என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டதாக யோவான் (11:47) எழுதுகிறார்.

ஆனால் பகைவரின் ஒப்புதலிலும் பற்று கலந்திருக்கக்கூடும். இதற்கு நம் மண்ணிலேயே எடுத்துக்காட்டு உண்டு. இன்றைய தருமபுரிதான் அதியமான்களின் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் வீரத்தையும் கொடையையும் நமக்குச் சொல்பவர் ஔவையார். அவர் அவனிடம் நெல்லிக்கனி பெற்ற நண்பர். தகடூரை அழித்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடியவரோ அரிசில்கிழார். பதிற்றுப்பத்தில் தகடூரின் அழிவைச் சொல்லும்போது அவர் அதை ‘வெல்போர் ஆடவர் மறம்புரிந்து காக்கும்’ ஊர் என்கிறார். பகைவனின் புலவரே இப்படிச் சொல்கிறார் என்பதால் தகடூர் வீரர்களின் ஆற்றலை நாம் கூடுதலாக நம்பலாம், அது சரியே. ஆயினும் காத்தவர்கள் வலியவர்கள் என்றால் அவர்களை வென்றவன் இன்னும் வலியவன் என்றாகிறது. எதிரியைப் புகழ்ந்ததில் அரிசில்கிழாருக்கு ஆதாயமும் இருந்தது. ஆகவே எதிர்த்தரப்புச் சாட்சியை எடைபோடும்போது, இதைச் சொல்வதால் இவருக்கு என்ன நட்டம் என்று கேட்டு நிறுத்திவிடாமல், என்ன ஆதாயம் என்றும் கேட்க வேண்டும் என்று நான் வகுப்பில் வற்புறுத்துகிறேன்.

அவர்களுடைய பேச்சும் நம்பியவர்கள் எழுதிய நூலில்தானே இருக்கிறது? பிறகு அது எப்படி நம்பாதவரின் சாட்சியாகும்?

என்னிடம் கேட்கப்பட்டவற்றுள் மிகக் கனமான கேள்வி இதுவே. இதைக் கடந்து போகாமல் மற்ற எதையும் பேசுவதில் பயனில்லை.

பிலாத்து எழுதிய அறிக்கை எதுவும் நம்மிடம் இல்லை. தலைமைக் குரு கயபாவின் குறிப்பு எதுவும் இல்லை. சிலுவையருகே காவல் நின்ற வீரன் தன் வீட்டாருக்கு எழுதிய மடல் இல்லை. பிலாத்துவின் பெயரில் உலவும் பழைய மடல்கள் பிற்காலக் கிறித்தவர்கள் புனைந்தவை. அவற்றை மறையுரைகளிலும் கூட்டங்களிலும் எடுத்துக்காட்டும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். நம்மிடம் இருப்பவை, நற்செய்தியாளர்களின் கை வழியாக வந்து சேர்ந்த சொற்கள். நீதிமன்ற மொழியில் இது செவிவழிச் செய்தி. ஒரு நற்செய்திக்குள் இருபது பேர் பேசினாலும் நமக்குச் சாட்சி சொல்பவர் அந்த ஒரு நற்செய்தியாளரே. மத்தேயுவும் லூக்காவும் மாற்கு எழுதியதைப் பயன்படுத்தினார்கள் என்னும் பெரும்பாலான அறிஞர்களின் கருத்தை ஏற்றுக்கொண்டால், நான்கு நூல்களையும் நான்கு தனிச் சாட்சிகளாக எண்ணவும் முடியாது. ஆகவே, நம்பாதவர்கள் இத்தனை பேர் இயேசுவுக்குச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள் என்று தலை எண்ணிக்காட்டும் வாதத்தை நான் ஏற்பதில்லை.

இதனால் அச்சொற்களுக்கு மதிப்பே இல்லாமல் போய்விடவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்சுஸ் என்ற கிரேக்க அறிஞர் கிறித்தவத்தைக் கடுமையாகத் தாக்கி ஒரு நூல் எழுதினார். அந்த நூல் இன்று கிடைக்கவில்லை. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின், கி.பி. 248 அளவில், ஒரிஜன் என்ற கிறித்தவ அறிஞர் அதற்கு மறுப்பு எழுதியபோது, எதிராளியின் சொற்களைப் பகுதி பகுதியாக எடுத்துத் தந்து பதில் சொன்னார். செல்சுஸ் என்ன சொன்னார் என்பது நமக்கு அவ்வழியாகவே தெரியும். நம்பாதவரின் குரலை நம்பியவரின் கையே காத்துத் தந்திருக்கிறது. அந்த மேற்கோள்கள் செல்சுஸுடையவையே என்று அறிஞர்கள் பொதுவாக ஏற்கிறார்கள். அவை ஒரிஜனின் தரப்பைக் குத்துகின்றன. குத்தக்கூடியதை ஒருவர் தாமே புனைந்து தம் நூலில் வைக்க மாட்டார்.

நற்செய்திகளிலும் இதே உரைகல்லைப் பயன்படுத்தலாம். நம்பாதவர் ஒருவர் சொன்னதாக நற்செய்தியாளர் எழுதுவது, நற்செய்தியாளருக்கு இனிக்கிறதா, உறுத்துகிறதா? இயேசு மதிமயங்கியிருக்கிறார் என்று பேசப்பட்டதால் அவருடைய உறவினர் அவரைப் பிடித்துக்கொண்டு போக வந்தனர் என்று மாற்கு (3:21) எழுதுகிறார். மத்தேயுவும் லூக்காவும் இச்செய்தியைத் தங்கள் நூல்களில் சேர்க்கவில்லை. அது எவ்வளவு உறுத்தியிருக்கும் என்பதை அந்த மௌனமே காட்டுகிறது. சகோதரர்களே அவரை நம்பவில்லை என்று யோவானும் (7:5) சொல்கிறார். ஆண்டவரின் சகோதரர் யாக்கோபு எருசலேம் திருச்சபையின் தூணாக மதிக்கப்பட்ட காலத்துக்குப் பின் எழுதப்பட்ட நூல்கள் இவை. அவருடைய வீட்டார் நம்பாமல் இருந்தார்கள் என்று கதை கட்ட யாருக்கும் தேவை இருக்கவில்லை. மேடைகளில் அடிக்கடி முழங்கும் வரிகளைவிட, இப்படி நம்மவர்களே சொல்லத் தயங்கும் வரிகள் எனக்கு அதிக உறுதியைத் தருகின்றன.

நூற்றுவர் தலைவரின் அறிக்கையை எவ்வளவு தூரம் ஆதாரமாகக் கொள்ளலாம்?

பலரும் நினைப்பதைவிடக் குறைவாக. இயேசு உயிர் துறந்த விதத்தைக் கண்டு, இம்மனிதர் உண்மையாகவே இறைமகன் என்று, சிலுவையருகே நின்ற உரோமைப் படை அலுவலரான அவர் சொன்னதாக மாற்கு (15:39) எழுதுகிறார். லூக்காவில் (23:47) அவர் சொல்வது, இவர் நேர்மையாளர் என்பதே. மாற்கு நற்செய்தியில் அதுவரை மனிதர் எவரும் இயேசுவை இறைமகன் என்று அறிக்கையிடவில்லை. பேய்களும் வானிலிருந்து வந்த குரலுமே அப்படிச் சொல்கின்றன. நூல் முழுவதும் இந்த இடத்தை நோக்கி நகர்ந்து வந்திருக்கிறது என்பதைக் கவனமாகப் படிப்பவர் உணர்வார். மேலும் உரோமைப் படையில் ஊதியம் வாங்கியவர் ஒருவருக்கு அந்தப் பட்டம் என்ன பொருள் தந்திருக்கும் என்பதும் தெளிவில்லை. பேரரசர் அகுஸ்து தம்மைத் தெய்வமாக்கப்பட்டவரின் மகன் என்று அழைத்துக்கொண்டவர். நம்பிக்கையின் அறிக்கையாக அந்த வரி எனக்கு மிக உயர்ந்தது. வரலாற்று ஆதாரமாக அதை முன்வரிசையில் நிறுத்த மாட்டேன்.

ஆனால் அதே நூற்றுவர் தலைவர் அன்று மாலை இன்னொரு முறை சாட்சி சொல்கிறார். பாஸ்கா நாடகங்களில் அந்தக் காட்சி வருவதை நான் பார்த்ததில்லை. அரிமத்தியா யோசேப்பு உடலைக் கேட்டு வந்தபோது, இதற்குள் இறந்துவிட்டாரா என்று பிலாத்து வியந்தான். நூற்றுவர் தலைவரை வரவழைத்து, இறந்து நேரமாகிவிட்டதா என்று கேட்டான். அவர் உறுதி சொன்ன பிறகே உடலைக் கொடுத்தான் (மாற்கு 15:44-45). இதில் பக்தி இல்லை, வியப்புரை இல்லை. தண்டனையை நிறைவேற்றிய அலுவலர் தம் மேலதிகாரியிடம் கூறும் அறிக்கை மட்டும் இருக்கிறது. தவறாகச் சொல்லியிருந்தால் அதன் விளைவு அவர் தலைமேல் விழுந்திருக்கும். இயேசு சிலுவையில் இறக்கவே இல்லை என்ற ஐயத்துக்குப் பதிலாக இதை மாற்கு சேர்த்திருக்கலாம் என்று ஒருவர் சொன்னால், அந்த வாய்ப்பை நான் மறுக்க மாட்டேன். ஆனால் மத்தேயுவும் லூக்காவும் இந்த விசாரணையை விட்டுவிட்டதைப் பார்த்தால், அது அவர்களுக்குப் பெரிய ஆயுதமாகத் தோன்றவில்லை என்றே தெரிகிறது.

நம்பாத சாட்சிக்குப் புதிய ஏற்பாட்டில் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு எது?

என் தேர்வு யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் பார்வை பெறுகிறார். உடனே ஊரில் விசாரணை தொடங்குகிறது. அண்டை வீட்டாருக்குள்ளேயே கருத்து வேறுபாடு: சிலர், பிச்சை கேட்டு உட்கார்ந்திருந்தவர் இவர்தான் என்கிறார்கள், வேறு சிலர், இல்லை, அவரைப் போல இருக்கிறார் என்கிறார்கள். பரிசேயர்களிடம் கொண்டுபோகிறார்கள். அங்கேயும் பிளவு. கடைசியில், இவர் முன்பு பார்வையற்றவராக இருந்தார் என்பதையே நம்பாமல், பெற்றோரை வரவழைக்கிறார்கள்.

பெற்றோரிடம் மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன. இவன் உங்கள் மகனா? பிறவியிலேயே பார்வையற்றவனா? இப்போது எப்படிப் பார்க்கிறான்? முதல் இரண்டுக்கும் அவர்கள் ஆம் என்கிறார்கள். மூன்றாவதற்கு, எங்களுக்குத் தெரியாது. அவனுக்கு வயது வந்துவிட்டது, அவனையே கேளுங்கள் என்கிறார்கள். இயேசுவை மெசியா என்று ஏற்பவரைத் தொழுகைக்கூடத்திலிருந்து விலக்கிவிடுவதென்று முடிவாகியிருந்ததால், அவர்கள் அஞ்சினார்கள் என்று நற்செய்தியாளர் காரணமும் தருகிறார். ஊர்க்கூட்டத்தின் நடுவே நின்று பதில் சொன்னவர்களுக்கும், ஊரை விட்டு ஒதுக்கிவைக்கப்பட்ட குடும்பத்தை அறிந்தவர்களுக்கும் அந்த அச்சம் எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சாட்சியின் வலிமை அதன் எல்லையில் இருக்கிறது. அவர்களுக்கு எது தெரியுமோ அதை மட்டும் சொன்னார்கள். மகன் பிறந்த நாளிலிருந்து பார்வையற்றவன் என்பது பெற்றோரைவிட வேறு யாருக்கும் நன்றாகத் தெரிய முடியாது. இயேசு சொன்னபடி மகன் குளத்தில் போய்க் கண்களைக் கழுவியபோது அவர்கள் உடன் இல்லை, அதைத் தெரியாது என்றார்கள். அவர்கள் மீது இருந்த நெருக்கடி முழுவதும் ஒரே பக்கம் இழுத்தது. மகனுக்கு முன்பும் கொஞ்சம் பார்வை இருந்தது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தொல்லை தீர்ந்திருக்கும். அதைச் சொல்லவில்லை. இயேசுவைப் பற்றி நல்லதாகவும் எதுவும் சொல்லவில்லை. கிருஷ்ணகிரியில் வழக்குரைஞராக இருக்கும் என் நண்பரிடம், அவர் கிறித்தவர் அல்லர், இந்த அதிகாரத்தை வாசிக்கக் கொடுத்தேன். பார்வை பெற்றவரைவிட அவருடைய பெற்றோரையே தாம் முதலில் கூண்டில் ஏற்றுவதாகச் சொன்னார். தெரிந்ததோடு நிறுத்திக்கொள்ளும் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் அசைப்பது கடினம் என்றார்.

நேர்மைக்காக ஒன்றைச் சேர்க்க வேண்டும். தொழுகைக்கூடத்திலிருந்து விலக்கும் முடிவு, இயேசுவின் காலத்தைவிட முதல் நூற்றாண்டின் இறுதியில் யோவானின் சமூகம் பட்ட துன்பத்தைக் காட்டுவதாகப் பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் இக்காட்சி வடிவமைக்கப்பட்ட விதத்தில் பிற்கால அனுபவமும் கலந்திருக்கிறது. அதை மறைத்துவிட்டு இந்த அதிகாரத்தைக் கற்பிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கல்லறைக் காவலர்களின் சாட்சி என்ன ஆயிற்று?

மத்தேயு மட்டுமே அவர்களைப் பற்றி எழுதுகிறார் (27:62-66, 28:11-15). நடந்ததை அவர்கள் தலைமைக் குருக்களிடம் சொன்னார்கள். குருக்கள் பணம் கொடுத்து, நாங்கள் தூங்கியபோது சீடர்கள் வந்து உடலைத் திருடிச் சென்றார்கள் என்று சொல்லச் சொன்னார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்களைச் சாட்சிக்கு அழைக்கிறீர்களே என்று புனித அகுஸ்தினார் இதைக் கடிந்துகொண்டார். தூங்கியவருக்குத் திருடன் யார் என்று எப்படித் தெரியும்?

மற்ற மூவரும் சொல்லாத செய்தி என்பதால் காவலர்களைப் பெரிய ஆதாரமாக முன்வைக்க நான் தயங்குகிறேன். ஆனால் இப்பகுதியில் மதிப்புமிக்க ஒன்று ஓரத்தில் இருக்கிறது. இந்த வதந்தி இன்றுவரை யூதரிடையே பரவியிருக்கிறது என்று மத்தேயு எழுதுகிறார். தம் காலத்தில் எதிர்த்தரப்பார் உண்மையில் சொல்லிவந்த ஒன்றுக்கே அவர் பதில் எழுதுகிறார். இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்தின் என்ற கிறித்தவ எழுத்தாளரும் இதே குற்றச்சாட்டைக் குறிப்பிடுகிறார். உடல் திருடப்பட்டது என்று சொல்பவர், கல்லறை வெறுமையாக இருந்தது என்பதை விட்டுக்கொடுத்துவிட்டார். பல்லில் குறை இல்லை என்ற வாங்குபவரின் பேச்சுதான் இது. எனினும் இது மத்தேயு எழுதிய காலத்து வாதத்தைக் காட்டுகிறதே தவிர, அந்த ஞாயிறு காலையில் கல்லறையை எட்டிப் பார்த்த எதிரி ஒருவரின் சாட்சியாகாது.

உயிர்த்த இயேசு பிலாத்துவுக்கோ கயபாவுக்கோ ஏன் தோன்றவில்லை? அப்படித் தோன்றியிருந்தால் ஐயமே இருந்திருக்காதே?

இதை முதலில் கேட்டவர்களுள் ஒருவர் மேலே சொன்ன செல்சுஸ். தம் இறைவல்லமையைக் காட்ட விரும்பியிருந்தால், தம்மைக் கொடுமைப்படுத்தியவர்களுக்கும் தீர்ப்பிட்டவனுக்கும் எல்லாருக்கும் அவர் தோன்றியிருக்க வேண்டும் என்றார். எல்லாரும் அக்காட்சியைத் தாங்கக்கூடியவர்கள் அல்லர் என்பது ஒரிஜன் சொன்ன பதில்களுள் ஒன்று. விவிலியம் இதை மறைக்கவில்லை என்பதை முதலில் கவனியுங்கள். மக்கள் அனைவருக்கும் அல்ல, கடவுள் முன்னரே தேர்ந்துகொண்ட சாட்சிகளுக்கே அவர் தோன்றினார் என்று பேதுரு வெளிப்படையாகச் சொல்கிறார் (திருத்தூதர் பணிகள் 10:41). எதிராளிக்கு வசதியான இந்த வாக்கியத்தை லூக்கா நீக்கவில்லை.

அடுத்து, கயபா உண்மையிலேயே கண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கண்டு நம்பியிருந்தால் அவரும் நம்பியவர்களின் பட்டியலில் சேர்ந்திருப்பார். அவரும் கிறித்தவர்தானே, அவர் சொல்வது எப்படிச் செல்லும் என்று இன்று கேட்டிருப்போம். கண்டும் நம்பாதிருந்தால் ஆவி என்றோ மாயவித்தை என்றோ விளக்கியிருப்பார். லாசர் கல்லறையை விட்டு வெளியே வந்ததைக் கண்டவர்களுள் சிலர் நேரே பரிசேயரிடம் போய்ச் செய்தி சொன்னார்கள் என்றும், அதன் முடிவாக இயேசுவைக் கொல்லத் திட்டமிட்டார்கள் என்றும் யோவான் (11:46-53) எழுதுகிறார். சீடர்களுள்ளேயே, கலிலேய மலையில் அவரைக் கண்டபோதும் சிலர் ஐயுற்றார்கள் (மத்தேயு 28:17). கண்டால் நம்பிவிடுவார்கள் என்ற நம் எண்ணத்தை நற்செய்திகள் பகிர்ந்துகொள்ளவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், இக்கேள்வி என் மனத்தில் முழுவதும் அடங்கிவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எருசலேம் கோவில் முற்றத்தில், எல்லார் கண்முன்னும் ஒருமுறை நின்றிருந்தால், இன்று நாம் தேடும் சாட்சிகளின் எண்ணிக்கை கூடியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஏன் அப்படிச் செய்யவில்லை என்பதற்கு இறையியல் விளக்கம் தரலாம். வரலாற்று விளக்கம் தர முடியாது.

பவுலும் யாக்கோபும் நம்பாதவர்களாக இருந்து மாறியவர்கள் அல்லவா?

ஆம். இப்பொருளில் நம்மிடம் உள்ள மிக வலுவான சான்று பவுல்தான். காரணம் எளியது: அவரே எழுதிய மடல்கள் நம்மிடம் இருக்கின்றன. கி.பி. 53-55 அளவில் எழுதிய கொரிந்தியர் முதல் மடலில், இறுதியில் தமக்கும் அவர் தோன்றினார் என்றும், திருச்சபையைத் துன்புறுத்திய தமக்குத் திருத்தூதர் என்ற பெயரே தகாது என்றும் சொல்கிறார் (15:8-9). கலாத்தியருக்கு எழுதிய மடலில் (1:13, 18-19), தாம் திருச்சபையை ஒழிக்க முயன்றதையும், பின்னர் பேதுருவோடு பதினைந்து நாள் தங்கியதையும், ஆண்டவரின் சகோதரர் யாக்கோபைச் சந்தித்ததையும் குறிப்பிடுகிறார். இவ்விரு மடல்களும் பவுலுடையவை என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. முன்னாள் எதிரி ஒருவரின் நேரடி வாக்குமூலம் புதிய ஏற்பாட்டில் பவுலின் மடல்களில்தான் கிடைக்கிறது. யாக்கோபுக்குத் தோன்றினார் என்ற செய்தியையும் பவுலே (1 கொரிந்தியர் 15:7) தருகிறார். அந்த யாக்கோபு கி.பி. 62-இல் எருசலேமில் கல்லெறிந்து கொல்லப்பட்டதை யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதியிருக்கிறார்.

தமஸ்கு வழியில் பவுல் காட்சி கண்டபோது அவரோடு சென்றவர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அவர்கள் நம்பாதவர்கள், உடன் இருந்தவர்கள். ஆனால் அவர்கள் குரலைக் கேட்டார்கள், யாரையும் காணவில்லை என்று ஓரிடத்திலும் (திருத்தூதர் பணிகள் 9:7), ஒளியைக் கண்டார்கள், குரலைக் கேட்கவில்லை என்று வேறிடத்திலும் (22:9) இருக்கிறது. இரண்டையும் பொருத்திக்காட்ட முயற்சிகள் உண்டு. அந்தப் பயணத் தோழர்களின் சொந்தச் சொல் ஒன்றும் நம்மிடம் இல்லாத நிலையில், நான் அவர்களைச் சாட்சிக்கு அழைப்பதில்லை.

டாசிட்டஸ், பிளினி, ஜோசபஸ் ஆகியோர் கண்ணால் கண்ட சாட்சிகளா?

இயேசுவைக் கண்டவர்கள் அல்லர். உரோமை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 116 அளவில், கிறிஸ்து என்பவர் பேரரசர் திபேரியு ஆட்சியில் பொந்தியு பிலாத்துவால் கொல்லப்பட்டார் என்று எழுதினார். கிறித்தவத்தை அவர் கேடு விளைக்கும் மூடநம்பிக்கை என்றே கருதினார். ஜோசபஸ் கி.பி. 93 அளவில் எழுதிய நூலில் இயேசுவைப் பற்றி இரண்டு இடங்கள் உள்ளன. யாக்கோபைப் பற்றிய சிறு குறிப்பைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். நீண்ட பகுதியில் கிறித்தவப் படியெடுப்பாளர்கள் கைவைத்துவிட்டார்கள் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. நம்பாதவரின் சாட்சியை நம் வசதிக்குத் திருத்தியதால் அதன் மதிப்பை நம்மவர்களே கெடுத்தார்கள். எனக்கு இது வருத்தம் தரும் செய்தி. பிளினி ஒருவரை மட்டும் ஒரு பொருளில் கண்ணால் கண்ட சாட்சி எனலாம். கி.பி. 112 அளவில் பித்தினியாவின் ஆளுநராக இருந்து அவர் விசாரித்தது கிறித்தவர்களை. குறித்த நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைக் கடவுளாகப் போற்றிப் பாடுகிறார்கள் என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதினார்; திருப்பணியாளர்களாக இருந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து கேட்டதையும் அவரே எழுதுகிறார்.

வெளிச்சான்று பெரும்பாலும் பெயரும் பதவியும் மட்டுமே தரும். அசோகரின் பாறைக் கல்வெட்டு, எல்லைக்கு அப்பால் இருந்தவர்களுள் சத்தியபுத்திரரின் பெயரைச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறது. 1981-இல் சம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி’ என்று படிக்கப்பட்ட பிறகே, அப்பெயர் தகடூர் அதியமான்களைக் குறிப்பது உறுதியானது. பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-இல் செசரியாவில் கிடைத்ததும் அத்தகையதே. அது இயேசுவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நற்செய்தியில் வரும் ஆளுநர் கதைமாந்தர் அல்லர் என்பதை மட்டும் கல்லில் சொல்கிறது.

பழைய ஏற்பாட்டில் இப்படிப்பட்ட சாட்சிகள் உண்டா?

உண்டு. பார்வோனின் மந்திரவாதிகள், இது கடவுளின் கைவிரல் என்றார்கள் (விடுதலைப் பயணம் 8:19). எரிகோவின் இராகாபு, செங்கடல் வற்றியதைக் கேட்டு எங்கள் உள்ளம் கலங்கியது என்றாள்; அவள் கேட்டவள், கண்டவள் அல்லள். தீச்சூளையில் நாலாவது ஒருவனைக் கண்டதாக நெபுகத்னேசர் சொல்கிறான். இவை எல்லாம் ஆண்டவரின் வல்லமையை வேற்றினத்தாரும் உணர்ந்தார்கள் என்று இஸ்ரயேல் மக்களுக்கு எடுத்துரைக்க எழுதப்பட்டவை. வெளியிலிருந்து சரிபார்க்க வழியில்லை என்பதால், இவற்றை வாதத்துக்கு இழுப்பதை நான் தவிர்க்கிறேன்.

நீதிமன்ற அளவுகோலை விவிலியத்துக்குப் பயன்படுத்தலாமா? உறவினர் சாட்சி செல்லாது என்கிறார்களே?

ஓரளவுக்குப் பயன்படுத்தலாம். பழைய ஏற்பாட்டின் இணைச்சட்ட நூல் (19:15) இரண்டு அல்லது மூன்று சாட்சிகளைக் கேட்கிறது. இயேசுவின் விசாரணையில் பொய்ச்சாட்சிகளின் வாக்குமூலங்கள் ஒவ்வவில்லை என்று மாற்கு (14:56) குறிப்பிடுவது இந்தச் சட்டத்தை மனத்தில் வைத்தே. நம் நாட்டுச் சட்டம் வேறு. 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் தன் 134-ஆம் பிரிவில், எந்த உண்மையையும் மெய்ப்பிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கட்டாயமில்லை என்றது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அந்நெறியை மாற்றவில்லை. உறவினர் சாட்சி செல்லாது என்பது சட்டமும் அன்று. நெருங்கிய உறவினர் உண்மைக் குற்றவாளியை விட்டுவிட்டு வேறொருவரைச் சிக்கவைக்க எளிதில் முன்வர மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் தலீப் சிங் வழக்கில் 1953-லேயே சொல்லிவிட்டது. உறவு என்பது கவனமாகக் கேட்பதற்குக் காரணமாகலாம். கேட்காமல் தள்ளுவதற்குக் காரணமாகாது.

நம் மாவட்டங்களின் வயலோரங்களில் நிற்கும் நடுகற்களை நினைத்துப் பாருங்கள். ஆநிரை மீட்கப் போராடிப் பட்டான் என்று கல் நட்டவர்கள் அவனுடைய உறவினரும் ஊராரும்தான். பகைவர் யாரும் வந்து கல் நடவில்லை. அன்பு கொண்டவர்கள் சொன்னார்கள் என்பதற்காகத் தொல்லியல் அறிஞர்கள் அந்த எழுத்தை ஒதுக்குவதில்லை. மற்றக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டு எடைபோடுகிறார்கள். நம்பாதவரின் சாட்சி மட்டுமே சாட்சி என்று பிடிவாதம் செய்தால், நற்செய்தியோடு சேர்த்து நம் ஊர் வரலாற்றின் பெரும்பகுதியையும் நாம் இழக்க வேண்டியிருக்கும்.

நம்பிக்கையில்லாத நண்பரோடு இவற்றை எப்படிப் பேசுவது?

நூற்றுவர் தலைவரிடமிருந்து தொடங்காதீர்கள். அவர் உடனே, இதை எழுதியவர் யார் என்று கேட்பார். அவர் கேட்பது சரி. யோவான் ஒன்பதாம் அதிகாரத்தை அவரோடு சேர்ந்து, நடுவில் விளக்கம் சொல்லாமல், முழுவதும் வாசியுங்கள். பிறகு மாற்கு 3:21-ஐயும் 15:44-45-ஐயும் வாசியுங்கள். அதன் பின் பவுல் கலாத்தியருக்கு எழுதிய மடலின் முதல் அதிகாரம். நான்கும் சேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. இவற்றில் யார் எதை நேரில் கண்டார், எதைக் கேட்டுச் சொல்கிறார், யாருக்கு எதில் அச்சம் இருந்தது என்பதை அவரையே குறித்து வரச் சொல்லுங்கள். நீங்களும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். என் வழக்குரைஞர் நண்பர் குறித்துக் கொடுத்த தாளில், நான் பதினைந்து ஆண்டுகளாகக் கற்பித்தும் கவனிக்காத ஒன்று இருந்தது: பெற்றோரை விசாரித்தவர்கள், மகனுக்குப் பார்வை வந்ததைக் குறித்து ஒருமுறைகூட மகிழவில்லை என்று எழுதியிருந்தார்.